பின்சீட்டில் விரித்த பாலித்தீன்

குருவுக்கு,

போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் ஐப்பசித் தூறலில் நடந்தோம். நீ, நான், சிவராஜ், சிம்ரன். நால்வருமே தொப்பலாக நனைந்திருந்தோம், கால் முழுக்க மணல். சிவராஜ் அலையில் விழுந்து எழுந்தவன், அப்படியே வந்து உன் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தான். நீ ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஈரத்தோடு பின்னால் ஏறினேன். சிம்ரன் ஏற வந்தபோது மட்டும், "இரும்மா, புது சீட்டு" என்று டிக்கியைத் திறந்து, புடவை சுற்றி வந்த பாலித்தீனை எடுத்து அவள் உட்காரும் இடத்தில் விரித்தாய்.

சேரிப் பெண் என்று தெரிந்தேதான் கல்லூரி நாளிலிருந்து நாம் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவளுக்குப் புரிந்துவிட்டது. "நான் பஸ்ல வந்துக்கிறேன்பா" என்று திரும்பி நடந்தாள். நானும் இறங்கினேன்.

"இன்னாத்துக்கு இவ்ளோ சீன்? அம்மா தெனம் இதுலதான் கோயிலுக்குப் போவுது, அதான்" என்றாய்.

அந்த 'அதான்' காதில் விழுந்ததும் கார்க்கதவை அறைந்து சாத்திவிட்டு சிம்ரன் பின்னால் ஓடினேன்.

பஸ்ஸில் சிம்ரன் அழவில்லை. "உடும்மா, எனக்குப் பழகிடுச்சு. நீ கல்யாணத்தக் கெடுத்துக்காத" என்று என்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். உன்னோடு இத்தனை நாள் சிரித்துப் பேசிய என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நிச்சயத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து யாரும் வர வேண்டாம். அப்பாவிடம் காரணத்தோடு சொல்லிவிட்டேன். "இதுக்கா?" என்றார்.

இதற்குத்தான்.

இப்படிக்கு,
உனக்கு வாழ்க்கைப்படாதவள்