இருபத்தொன்பதாம் பிறை

மருதமுனை
முஹர்ரம் பிறை 17

அன்புத் தங்கச்சி மர்ஷூதாவுக்கு,

ஸலாம். அல்லாஹ் உன் மனதைக் குளிர வைக்கட்டும். நான் எடுத்தால் நீ போனில் கதைக்கிறாய் இல்லை. அதனால் வரிப்பத்தான்சேனைக்கு நெல் ஏற்ற வரும் முஸ்தாக்கின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். மனுசன் போனபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருக்கிறவள், நேரத்துக்குச் சாப்பிடு.

நோன்பு இருபத்தொன்பது மஃரிபுக்கு "பிறை கண்டுட்டன்" என்று உனக்குச் சொன்னவள் நான்தான். றேடியோவில் பிறை இல்லை என்று சொன்னபோது, "அவனுகளுக்குக் கண் தெரியல்ல" என்றதும் நான்தான். என்னை நம்பி நீயும் உன் மனுசன் ஜவுபர் மச்சானும் நோன்பை விட்டீர்கள். ஊரோ முப்பதாவதையும் பிடித்தது. "விதைப்பு முடியட்டும், விட்டதப் புறகு களாவாப் புடிப்பன்" என்ற மனுசன், பிடிக்காமலே பெருநாள் கழிந்து மூன்றாம் கிழமை மௌத்தாகிவிட்டார். மையத்து வீட்டில் நீ என் முகம் பார்க்கவில்லை.

ஆனாலும் நான் பொய் சொல்லவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றது படிப்புத்தான், கண் இல்லை.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள் என்று நான் பெருமையடிக்கிற பேத்தி இன்ஷிராவே எனக்கு எதிர்ச் சாட்சி. "உம்மம்மா, அண்டைக்கு ஸஹருக்குப் புறகு கடலுக்கு மேல பிறை கண்டன் எண்டீங்களே! விடிய வெள்ளண கிழக்கில கண்டது அண்டைக்கே மேற்கில எப்பிடி வரும்?" என்கிறாள்.

"அல்லாஹ் நினைச்சா வரும், போ புள்ள" என்று வாயை அடைத்துவிட்டேன். என் மனதை அடைக்க முடியவில்லை. இந்தத் தேய்பிறையை நானே இருந்து பார்க்கப் போகிறேன்.

உன் ராத்தா
முனவ்வறா


மருதமுனை
ஸபர் பிறை 2

தங்கச்சி,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை.

சுபஹு தொழுதுவிட்டுத் தினமும் கடற்கரைக்குப் போனேன். தேயத் தேயப் பிறை நாளுக்கு நாள் பிந்தித்தான் கடலில் இருந்து எழும்புகிறது. கடைசியில் நகம் போல ஆகிச் சூரியனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் காணவில்லை. அடுத்த நாளும் இல்லை. நேற்று மஃரிபுக்குத்தான் மேற்கே, உங்கள் வயல் பக்கம் நின்றது. சூரியனுக்கு முன்னால் போனது, அதனிடம் அகப்பட்டு, பின்னால் ஆக இரண்டு நாள் எடுக்கிறது. நோன்பு இருபத்தொன்பதில் விடிய என் கண்ணால் கடலில் பார்த்த பிறை அன்றைக்கே அந்தப் பக்கம் வந்திருக்காது. நான் கண்டது பிளேன் போன கோடோ, மேகத்தின் ஓரமோ தெரியாது.

நிலா பூமியைச் சுற்றி ஓடுதாம். பூமியும் நிற்காதாம், சூரியனைச் சுற்றுதாம். எல்லாம் ஓடுது, நான்தான் சொன்ன சொல்லில் நின்றுவிட்டேன்.

மௌலவியிடம் கேட்டேன். நீ சம்மதித்தால் மச்சானுக்காக அந்த நோன்பை நான் பிடிக்கலாமாம். பிடிக்கட்டா?

முனவ்வறா


வரிப்பத்தான்சேனை
ஸபர் பிறை 9

ராத்தா,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

அன்றைக்கு அவர் வயலில் இருந்து வரும்போதே பிறை பார்த்தவர். மேற்கே மேகம் ஒரு துண்டும் இல்லையாம், பிறையும் இல்லையாம். உங்கள் போன் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ட ராத்தாட கண்ண நாம பொய்யாக்கக் கூடா. ஒரு நோம்புதானே, புறகு புடிப்பம்" என்றார். விடிய நான்தான் பெருநாள் என்று பால்சோறு ஆக்கிக் கொடுத்தேன். என் கோபத்தில் பாதி என் மேல்தான் ராத்தா.

என்னுடைய அந்த நோன்பை நான் பிடித்துவிட்டேன். அவருடையதை நீங்கள் பிடியுங்கள். ஸபர் இருபத்தொன்பதில் பிடித்து, மஃரிபுக்கு நோன்பு திறக்க இங்கே வாங்கோ. கஞ்சி காய்ச்சி வைப்பேன்.

ஒரு வேலையும் இருக்கிறது. என் இத்தா முடிவதைப் பிறையை வைத்துத்தான் எண்ண வேண்டும். எனக்கு வெளியே வர ஏலாது, வளவுக்குள் நின்றால் மாமரம் மறைக்கிறது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வயல் வரம்பில் நின்று மேற்கே பாருங்கோ. கண்டால் கண்டேன் என்று வந்து சொல்லுங்கோ. காணாவிட்டால் காணவில்லை என்று சொல்லுங்கோ.

ரெண்டையும் நம்புவன்.

உங்கட
மர்ஷூதா