மகிழினி உதட்டுல சிவப்பு ஏறின சேதி

வியாசர்பாடி
29.9.2002

அன்பு மகன் தீனாவுக்கு அப்பா எழுதுறது. இங்க நானு, உங்கம்மா, உன் சம்சாரம் எழில்மொழி, குழந்தை மகிழினி எல்லாரும் சுகமா கீறோம், இந்த தபா இதை மனசார எழுதுறேன். நீயும் அந்தத் துபாய் வெயில்ல ஒடம்பைப் பாத்துகினு நல்லா இருக்கணும்.

ஆடி மாசம் புள்ளைக்கு முடியலைன்னு போன்ல அரைகுறையா கேட்டுட்டு, வேலையை வுட்டுட்டு வந்துடுறேன்னு நீ பேஜாராயிட்டே. நேத்து மறுபடியும் ரத்தம் டெஸ்ட்டு எடுத்தோம், நல்லா ஏறிகீதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, அதான் நடந்ததை முழுசா எழுதுறேன். சித்திரையில இருந்தே புள்ளைக்கு ஒரு சளி போனா இன்னொரு சளி, ஜுரம். மணலி கம்பெனிப் புகைக் காத்து இந்தப் பக்கம் அடிக்குது, அதான்னு நாங்களும் நெனைச்சுகினு இருந்தோம். ஒருநாள் புள்ள மூலையில ஒக்காந்து சுவத்துக் காரையைச் சுரண்டித் தின்னுகினு இருந்துச்சு, உங்கம்மா கையை ஓங்கிட்டா. எழில்தான் குறுக்க வந்து, அடிக்காதீங்க அத்தை, கொயந்தைக்கு ஒடம்புல இன்னாவோ கொறையுதுன்னு சொல்லுச்சு. மறுநாளே ஜுரம் ஏறி மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு, ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா கண்ணு இமையைக் கீழ இழுத்துப் பாத்தாங்க, உள்ள வெள்ளைக் காயிதம் மாதிரி இருந்துச்சு. ரத்தம் ரொம்பக் கம்மி, ஏத்த வேண்டி வரலாம்னாங்க. நான் சட்டைக் கையை மடிச்சுகினு போய் நின்னுட்டேன். இருங்கய்யா, மொதல்ல ஜுரம் எறங்கட்டும்னாங்க. நல்ல காலம், ஜுரம் எறங்கினதும் ரத்தம் ஏத்த வேணாம், மருந்தே போதும்னு சொல்லிட்டாங்க, அப்பதான் எங்களுக்கு உயிர் வந்துச்சு.

இரும்புச்சத்து கொறைஞ்சு போச்சாம். அது கொறைஞ்சா நோயை எதிர்க்கிற தெம்பும் கொறையுமாம், அதான் ஓயாம சளி புடிச்சிருக்கு, காரை தின்னதும் அதாலதானாம். சோறு எறங்கலைன்னு நாள் பூரா பாலாவே குடுத்துட்டோம், அதுல இந்தச் சத்து ரொம்பக் கம்மியாம், வயிறு ரொம்பிட்டா வேற எதுவும் உள்ள போகாது. நீ ஆசையா அனுப்பின பால் பவுடரை நெனைச்சு மனசு ஒடைஞ்சிடாதே, எழிலையும் போன்ல ஒண்ணும் கேக்காதே, அது கண்ணும் கருத்துமா பாத்ததாலதான் புள்ள தப்பிச்சுது. வயித்துப் பூச்சிக்கு மருந்தும் குடுத்தாச்சு. சத்து மருந்தை பால், டீயோட சேக்காம எலுமிச்சம் ஜூஸ் கலந்து குடுக்குறோம். மொத வாரம் மலம் கருப்பாப் போச்சுன்னு உங்கம்மா அலறிட்டா, அது மருந்தாலதாம்மா, பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா சிரிச்சாங்க. இப்ப முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ், கறிக்கடையில சொல்லி வச்சு வாங்குற ஆட்டுச் சுவரொட்டி, அதான் மண்ணீரல், எல்லாம் திங்குது. ஒரு மாசமா ஜுரமே இல்லை. உதட்டுல சிவப்பு ஏறிகீது.

இன்னைக்குக் காலையில எதிர் வூட்டு வரலட்சுமி தன் புள்ளைய இழுத்துகினு சண்டைக்கு வந்துடுச்சு, உங்க பேத்தி கடிச்சு வச்சிருக்கிறதைப் பாருங்கன்னு. கையில பல்லு பல்லாப் பதிஞ்சிருந்துச்சு. எழில் மன்னிச்சுக்கக்கான்னு ஆரம்பிச்சு, பாதியில முந்தானையை வாயில வச்சுகினு சிரிக்குது, கண்ணுல தண்ணி கொட்டுது. வரலட்சுமி ஒரு நிமிசம் முழிச்சுட்டு, அழக்கூட தெம்பில்லாம கிடந்த புள்ளையா இதுன்னு மகிழினியைத் தூக்கி முத்தம் குடுத்துட்டுப் போச்சு. புள்ளையை அதட்ட எனக்கு வாயே வரலை.

ஒப்பந்தம் முடிஞ்சு நிதானமா வா. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மறக்காம போன் பண்ணு, எழில் காத்துகினு இருக்கும். எந்தக் கொறையும் இல்லாம நீ நீடூழி வாழணும்.

உன்னை நெனைச்சுகினே இருக்கிற அப்பா,
க. வரதன்