படுத்துக் கிடந்தவன்

காஹாங், 1931

வள்ளிக்கு,

உன் தம்பி ஆண்டியப்பன் இறந்துவிட்டான். மறைத்துப் பயனில்லை.

பிரம்பு வெட்டக் காட்டுக்குப் போகும் என் ஆட்களைப் பாம்புக்கடிக்குக் கட்டுப் போடத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரை வைத்துப் பழக்கினேன். பழகும்போது கடிபட்டவனாகப் படுக்க எப்போதும் உன் தம்பிதான்.

"மச்சான், எனக்கும் கட்டக் கத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றான்.

"நீ அசையாம படுடா, அது போதும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

போன செவ்வாய் அவனைத் தனியாக அனுப்பினேன். தேடிப் போனபோது ஆற்றோரம், கடிபட்ட காலை நீட்டி, பழக்கியபடியே படுத்துக் கிடந்தான். கட்டுக் கயிறு மடியில் சுருட்டியபடியே இருந்தது.

அழுது முடித்ததும் உன் சின்னத் தம்பியைக் கப்பலேற்று. எனக்கு ஆள் குறைகிறது. அவனைப் படுக்க வைக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்