சாயங்காலம் மட்டும் மெதுவாக

ராயப்பன்பட்டி
3 நவம்பர் 2025

அன்புள்ள ஜெசி அப்பாவுக்கு,

நலம். நேற்று கல்லறைத் திருநாள். பிள்ளையின் கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினேன். அடக்கம் முடிந்து சார்ஜா போனவர் இந்தத் தடவையாவது வருவீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வெட்கமாகப் போயிற்று.

நீங்கள் மெயிலில் கேட்டபடி ஜெசியின் வீடியோக்களை வீட்டுச் சர்வர் பெட்டியிலிருந்து ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுகிறேன். பதினைந்தாம் தேதி சார்ஜா கிளம்பும் முத்துக்கருப்பன் அண்ணன் கொண்டுவருவார். ஆனால் காப்பி ஆமை வேகத்தில் போகிறது. முதல் பிறந்தநாளே இன்னும் முடியவில்லை.

ஜெசி அம்மா

சார்ஜா
4 நவம்பர்

அன்பு இவாஞ்சலினுக்கு,

வைஃபையில் காப்பி போடாதே. டிராயரில் இரண்டு நீலக் கேபிள் கிடக்கும். ஒன்றால் லேப்டாப்பை ரூட்டரோடு இணை. சர்வரில் இருக்கும் பழைய சாம்பல் கேபிளைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டு. வேகம் கூடிவிடும்.

லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் வெறும் வயிற்றோடு உட்காராதே.

பிரபு

ராயப்பன்பட்டி
6 நவம்பர்

அன்புள்ள ஜெசி அப்பாவுக்கு,

கேபிள் மாற்றியதும், நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் ஞானஸ்நானம், பிறந்தநாள் எல்லாம் ஏறிவிட்டன. சாயங்காலம் மட்டும் மறுபடி நொண்டுகிறது. ஏன்?

இன்னொன்று, சிரிக்காதீர்கள். செபமாலை முடிந்ததும் பிள்ளை அறையில் சாம்பிராணி போட்டுவிட்டு அவள் கட்டிலில் உட்காருவேன். அப்போது அலமாரி மேலிருந்து மெல்லிய சத்தம் வருகிறது. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தால் மறுபடி வருகிறது. யாரோ என்னைப் பார்ப்பது போலவே இருக்கிறது. ஜெசிதான் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். பயமில்லை, அழுகைதான் வருகிறது.

ஜெசி அம்மா

சார்ஜா
7 நவம்பர்

அன்பு இவாஞ்சலினுக்கு,

சாயங்காலம் காப்பி போட வேண்டாம். காலையில் மட்டும் போடு.

சத்தம் எலியாக இருக்கும். அலமாரி மேலே கை விட்டுத் துழாவாதே.

பிரபு

ராயப்பன்பட்டி
9 நவம்பர்

அன்புள்ள ஜெசி அப்பாவுக்கு,

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கும் ஹேமாவதி இன்று சாயங்காலம் வந்தாள். சர்வரை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். "டீச்சர், பிள்ள ரூம் கேமராவச் சார்ஜாவுலருந்து சாருதான் பாத்துக்கிட்டிருக்காக. அந்தப் படத்த அனுப்புறதுலதான் இந்தப் பழைய பெட்டி திணறுது" என்றாள்.

ஜெசி தூங்குவதைப் பார்க்க நீங்கள் அலமாரி மேல் மாட்டிய கேமரா. அவளோடு அதுவும் நின்றுவிட்டதாக நினைத்திருந்தேன். நான் நகர நகர நீங்கள்தான் அதைத் திருப்பியிருக்கிறீர்கள். அது திரும்பும் சத்தம்தான் எனக்குக் கேட்டிருக்கிறது.

நான் அழுவதைத் தினமும் பார்த்திருக்கிறீர்கள். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு போன் இல்லை. அந்தக் கேமராவில் பேசவும் செய்யலாமே. "ஜெசிக்குட்டி, எந்திரி" என்று அங்கிருந்தே எழுப்புவீர்களே. என் பேரையும் ஒருதரம் கூப்பிட்டிருக்கலாம். எனக்குக் கோபம்தான். ஆனாலும் நாளைக்கும் அங்கேதான் உட்காருவேன். பேசுங்கள்.

ஜெசி அம்மா

ராயப்பன்பட்டி
12 நவம்பர்

ஜெசி அப்பாவுக்கு,

திங்கள், செவ்வாய், இன்று என மூன்று நாளும் காத்திருந்தேன். அலமாரி மேலே சத்தமே இல்லை. மெயிலும் இல்லை. இன்று அறையை விட்டு வெளியே வந்து பார்த்தால், மிச்சமிருந்த வீடியோக்கள் மளமளவென்று ஏறி முடிந்திருந்தன. ஹேமாவதி காட்டிய பக்கத்தில் என் லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது.

டிஸ்க்கை முத்துக்கருப்பன் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளை முழுசாக உங்களிடம் வந்துவிடுவாள்.

மெதுவாகவே போயிருக்கலாம்.

இவாஞ்சலின்