பச்சை விளக்குக்குப் போட்ட ஓட்டை

ஜூன் 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பள்ளிக்கூட லேபுக்கு லீவு சொல்லிவிட்டு ஆரியங்கோட்டில், தம்பி ஜெபராஜ் வீட்டில். வேலை: படி விளக்குக்குக் கம்பியில்லா சுவிட்ச். சர்க்யூட் முடிந்தது. மேஜைமேல் திறந்து கிடக்கும்வரை நன்றாக வேலை செய்கிறது. இனி அதற்கொரு பெட்டி.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு இருபத்திரண்டு படி. போன மாதம் ஜெ.யின் மனைவி வசந்தா, தையல் கடையிலிருந்து வந்து இருட்டில் ஏறும்போது வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. ஜெ.க்குப் பார்வை போய் மூன்று வருடம். சர்க்கரை. அவள் விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றிருக்கிறான்.

"டைமர் வச்சா போராதா எலே?"

"அப்போ டைமர்லா அவளுக்கு வெட்டம் போடும். நான் போடணும் அக்கா."

டைமர் யோசனையை விட்டேன். வெளிச்சத்தை அவனே போடட்டும்.

பெட்டி: உள்ளங்கை அளவு. சாரல் புகக்கூடாது. விழுந்தால் உடையக்கூடாது.

ஜூன் 12, புதன்

விட்டுவிட்டு மழை. பிஸ்கட் தகர டப்பா. அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. மூடினேன், படி விளக்கு எரியவில்லை. திறந்தால் எரிகிறது. அரை மணி நேரம் பேட்டரியைத் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, தகரம் சிக்னலை வெளியே விடாது. இருபது வருடம் இயற்பியல் லேபில் இருப்பவள். வெளியே சொல்லக்கூடாது.

அடுத்து பிளாஸ்டிக் சோப்பு டப்பா. கையில் வழுக்குகிறது. சுற்றிலும் சைக்கிள் டியூப் வளையம் போட்டால் தண்ணீரும் புகாது. டியூப் கேட்டுப் போன கடையில் மலையாளத்தில், "இதெந்தா சேச்சி, ரேடியோவோ?" ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் கப்பைக்கிழங்கு, மீன்கறி. இன்னொரு துண்டு கேட்டிருக்கலாம்.

ஜூன் 13, வியாழன்

வானம் மூடல். வ. வேலைக்குக் கிளம்பும்போது, "மைனி, இண்ணைக்கு முடியுமா?" முடியும் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

டப்பா மூடியில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. படி விளக்கு உண்மையில் எரிந்தால் அங்கிருந்து பதில் வந்து, இந்த ஓட்டையில் குட்டிப் பச்சை விளக்கு எரியும். கரண்ட் இல்லையென்றால் எரியாது. பெருமையோடு ஜெ. கையில் கொடுத்தேன். பெருவிரல் டப்பாவைச் சுற்றிவந்து நின்றது.

"இதென்ன ஓட்டை?"

"பச்சை லைட்டு தெரியதுக்காக்கும். அது எரிஞ்சா படியில வெட்டம் உண்டுன்னு அர்த்தம்."

"ஆருக்குத் தெரியதுக்கு?"

அவன்தான் சிரித்தான். எனக்கு வெட்கம். மூன்று வருடம் கழித்தும் என் கண்ணுக்குத்தான் பெட்டி செய்திருக்கிறேன்.

சாயங்காலம்: பச்சை விளக்கைக் கழற்றி அதே இடத்தில் பழைய அலாரம் கடிகாரத்தின் பஸர். டப்பாவை மூடினால் சத்தம் மங்கும் என்று பயந்தேன். படியில் விளக்கு எரிந்ததும் அந்த ஓட்டை வழியாகக் கீக் என்று தெளிவாக வருகிறது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியாயிற்று, சாரலுக்கு. தடவினால் தெரிய, விளக்கைப் போடும் பட்டன்மேல் ரப்பர் ஷீட் துண்டு, அணைப்பதன்மேல் ஒன்றுமில்லை.

"அவ்வளவு தூரத்துல இருந்து அது பதில் சொல்லுதா?" ஜெ. அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு. பேட்டரி தீரும் என்று பிடுங்கி வைத்தேன்.

ஜூன் 15, சனி

வெயில். நல்ல வெயில். கடை நேரத்தோடு அடைத்ததால் வ. ஐந்து மணி பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். படியெல்லாம் பளிச்சென்று கிடக்கிறது. ஜெ. வராந்தாவில், மடியில் பெட்டி. மேற்கு வெயில் நேராக அவன் முகத்தில், நெற்றியெல்லாம் வியர்வை.

வ. முதல் படியில் நின்றுவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள். ஏறவில்லை.

"இருட்டா கெடக்கு. ஒரு வெட்டம் போடுங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். ஜெ. கையைத் தூக்கி என்னைத் தடுத்தான். முகத்தை வெயிலிலிருந்து திருப்பவும் இல்லை. பட்டனை அழுத்தினான். கீக்.

"போட்டாச்சு. பைய வா."