நைஜல் அனுப்பிய இரண்டு போன்கள்

மேரு, கிள்ளான்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பெர்னிஸுக்கு அம்மா எழுதுவது.

உன் பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகுவது நின்றதா? டீச்சர் வேலைக்கு உன்னைக் கடல் தாண்டிச் சபா காட்டுக்குள் தூக்கிப் போட்டவர்களுக்கு மாதா நல்ல புத்தி கொடுக்கட்டும். அப்பாவும் நானும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை.

என்னடா இது, அம்மா கடிதம் போடுகிறாள் என்று பயப்படாதே. உனக்குச் சனிக்கிழமை குன்றில் ஏறினால்தான் சிக்னல். நான் வாய்ஸ் மெசேஜ் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். டைப் செய்தால் என் போனை எடுத்துப் படிப்பார். குடும்ப குரூப்பிலோ உன் அண்ணன் நைஜல் இருக்கிறான். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன் நைஜல் அமெரிக்காவிலிருந்து எங்களுக்கு ஆளுக்கொரு போன் அனுப்பினான் இல்லையா? அப்பா அதை டயாலிசிஸ் சென்டரில் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்க் காட்டினார். வீட்டு வைஃபையில் நைஜல் முகம் பளிச்சென்று தெரியும். மற்றவர்களும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள், சாதாரண கால் யார் போடுகிறார்கள்? அதைவிடச் சந்தோஷம், போலீஸ் பேசுகிறோம், உங்கள் பெயரில் பார்சல் மாட்டியிருக்கிறது என்று வருமே, அந்த ஸ்கேம் கால் எல்லாம் அடியோடு நின்றுபோனது. “நல்ல போன் லா, திருடனை உள்ளயே விடமாட்டேங்குது” என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை சென்டரில் நர்ஸ் மாதவி மிஸ்ஸி என்னைக் கதவோரம் கூப்பிட்டாள். “ஆன்டி, ஞாயித்துக்கிழமை ஏன் ரெண்டு பேருமே போன் எடுக்கல?” என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா நம்பருக்கும் என் நம்பருக்கும் மாறி மாறி அடித்திருக்கிறார்கள். ஒரு கிட்னி வந்திருந்ததாம், பெர்னி. லிஸ்டில் அப்பாவின் முறையாம். அதெல்லாம் மணிக்கணக்கில் காத்திருக்கிற சமாசாரமா? அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு வருஷமாக நாம் எதிர்பார்த்திருந்த கால். அன்று முழுக்க இரண்டு போனும் சாப்பாட்டு மேசையில் என் கண்ணெதிரில்தான் கிடந்தன. கிட்னி கிடைத்தவராவது நன்றாக இருக்கட்டும் என்று ஜெபித்துப் பார்க்கிறேன். ஜெபம் முழு மனதோடு வரமாட்டேன் என்கிறது.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். உன் போனுக்குக் கண்ணாடி மாற்றித் தந்தானே ஜாகிர், அவன் கடைக்கு. கடையிலிருந்து என் நம்பரை அடித்தான். சனியன், கணீரென்று அடித்தது! “நல்லாத்தானே இருக்கு ஆன்டி” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அங்கேயே உடைத்திருப்பேன். வீடு மேருவில் என்று சொன்ன பிறகுதான் அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். “ஒவ்வொரு நாட்டுலயும் சிக்னலுக்கு வேற வேற பேண்ட், அதான் அலைவரிசை, ஆன்டி. இது அமெரிக்கா பேண்டுக்குச் செஞ்ச செட்டு. நம்ம பேண்டுல ஒண்ணு ரெண்டுதான் இதுல இருக்கு. இங்க டவுனுக்குள்ள அது போதும். உங்க வீட்டுக்குள்ள வர்ற பேண்ட் இதுல இல்ல. வைஃபை இருக்கறதால உங்களுக்கு வித்தியாசம் தெரியல” என்று விளக்கினான். வாங்கும்போதே கேட்டிருக்கலாமே என்றும் சொன்னான். அமெரிக்கா சாமான் என்றால் நாம் என்றைக்குக் கேள்வி கேட்டிருக்கிறோம்?

இங்கே விற்கிற சின்ன போன் ஒன்றை வாங்கி என் சிம்மைப் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சொன்னேன். அப்பா பெயர் லிஸ்டில் இன்னும் இருக்கிறது. ஆனால் அவர்கள் முதலில் அடிப்பது அப்பா நம்பருக்குத்தான். அவர் போனை எப்படி மாற்றச் சொல்வது? ஏன் என்று கேட்பாரே. மகன் ஆசையாக அனுப்பிய போனால்தான் கிட்னி போனது என்று எந்த வாயால் சொல்வேன்? நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கப் போனாலும் போனோடு போகிறேன்.

புதன்கிழமை

நேற்று அழுகை வந்து நிறுத்திவிட்டேன். இன்று காலை அப்பா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. அலமாரியில் கிடந்த அவருடைய பழைய பட்டன் போன்! குழாயை அப்படியே போட்டுவிட்டார். எந்தப் பட்டன் என்று தேடினார், நான்தான் அழுத்தினேன். போலீஸ், பார்சல் என்றது ஒரு குரல். அப்பா அந்தத் திருடனிடம், “தேங்க்ஸ் பாஸ், ரொம்ப தேங்க்ஸ்” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிறகுதான் சொன்னார். “கிட்னிதானே போச்சு பிலோ, காது நல்லாத்தானே இருக்கு? மிஸ்ஸி பேசுனது கட்டில் வரைக்கும் கேட்டுச்சு” என்றார். அமெரிக்கா போன் வந்ததிலிருந்து ஒரு சாதாரண காலும் வரவில்லையே என்று யோசித்து, அன்று சாயங்காலமே சிம்மைப் பழைய போனுக்கு மாற்றிவிட்டாராம். எனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. அமெரிக்கா போன் இனி வைஃபையில் நைஜல் முகத்தைப் பார்க்க மட்டும். “பையனுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா சாகுற வரைக்கும் மனசுல வச்சிக்கிட்டே இருப்பான்” என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு உனக்கும் அதே போனை அனுப்பப்போவதாக நைஜல் சொல்கிறான். உனக்குக் கலர் பிடிக்கவில்லை, அது இது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழி. எங்கள் போன் எப்படி என்று கேட்டால் சூப்பர் என்று சொல். உனக்குப் பொய் சொல்ல வராது என்று தெரியும். இந்த ஒரு பொய்யை எங்களுக்காகச் சொல், தங்கம்.

இன்னொன்று. சனிக்கிழமை குன்றில் ஏறியதும் வாட்ஸ்அப்பைத் திறக்காதே. முதலில் அப்பா நம்பருக்குச் சாதாரண கால் போடு. ஆஸ்பத்திரி என்று நினைத்துப் பதறித்தான் எடுப்பார். உன் குரல் கேட்டதும் கொஞ்சம் ஏமாந்து போவார், நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மணி அடிக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மாதா உன்னையும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். மறக்காமல் அடி, மகளே.

உன் அம்மா,
பிலோமினா கிரிகரி