மூன்றாவது செட்டும் மாரிச்சாமியும்

எப்போதும் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து, எப்போதும் எனக்கு எதிர்ப்பக்கம் பேசிய என் மாரிச்சாமிக்கு,

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தறிக்குப் பக்கத்திலேயே கண்ணயர்ந்தேன். கனவில் நம் பூப்பந்துக் கோர்ட்டு வந்தது. அருப்புக்கோட்டையில் தொடங்கி உங்கள் பரளச்சி வரைக்கும் ஒரே கோர்ட்டு. நடுவில் நெட்டைக் காணோம். நீ கல் உருளையை இழுத்துக்கொண்டு போகிறாய், போய்க்கொண்டே இருக்கிறாய். மேலே மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்று இறங்காமல் அப்படியே நிற்கிறது. "ஏலே, அது யாரு அடிச்ச பந்துலே?" என்று கத்தினேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய், அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோது ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொன்னவன், செத்த பிறகு இப்படி வாயை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம்?

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஊர்ச் செய்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த ஐப்பசியில் மழை ஏமாற்றவில்லை. உன் தம்பி பருத்தி போட்டிருக்கிறான், செடி முழங்கால் உயரம் நிற்கிறது. கோர்ட்டில் சுண்ணாம்புக் கோடு வளைந்து வளைந்து போகிறது. நீ இருந்தால் கயிறு பிடித்துப் போட வைத்திருப்பாய். டீக்கடை பெஞ்சில் இப்போது இளவட்டங்கள் உட்கார்ந்து நம் ஆட்டக்காரன் நாகராசனைப் பற்றிப் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒருத்தனுக்கும் ஒழுங்காகச் சண்டை போடத் தெரியவில்லை.

நாம் போட்டோமே, அது சண்டை. அறுபதுகளில் இந்த ஊரில் பூப்பந்து பார்க்காதவன் யார்? பக்கத்துக்கு ஐந்து பேர், கையில் மரப் பேட், பந்து தரையைத் தொட்டால் புள்ளி போச்சு. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நடுவில் நிற்கிறவன்தான் எல்லோருக்கும் சேர்த்து ஓட வேண்டும். நம் அணியின் நடு ஆள் நாகராசன். எனக்குத் தறி கொடுத்த முதலாளியின் மகன். அவன் பந்தை வெட்டி விடுகிற அழகில், எதிர் ஆள் பேட்டைத் தூக்கினது தூக்கினபடியே நிற்பான். முதல் இரண்டு செட்டில் அவனுக்கு இணை மதுரை வரைக்கும் கிடையாது. மூன்றாவது செட்டு வந்தால் மட்டும் நாம் இரண்டு பேரும் பந்தை விட்டுவிட்டு அவன் காலையே பார்ப்போம்.

செம்மண் தரையில் மூன்று செட்டும் தாங்குவான். கரிசல் தரையில்தான் வம்பு. திருச்சுழிப் பக்கம் ஆடப் போனால் மூன்றாவது செட்டில் கால் கனத்துவிடும், இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவான். நான் மண்ணைக் குற்றம் சொல்வேன். கரிசல் காலை இழுக்கிறது, புழுதி மூக்கை அடைக்கிறது என்பேன். நீ விடமாட்டாய்.

"மண்ணு மேல பழியப் போடாத மாப்ளே. எங்க ஊர்ல பொம்பளையாளுக அந்த மண்ணுலதான் விடிஞ்சதுலருந்து அடையிற வரைக்கும் களை எடுக்காக. நாகராசன் தறிக்குழிக்குள்ள காலத் தொங்கப்போட்டு உக்காந்தே கெடக்கான். அவன எந்திரிச்சு ஓடச் சொல்லு."

"நீ பஞ்சு மூட்டை தூக்குறவன். உனக்கு ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு மண்ணத் தெரியும்லே."

உண்மைதான். பருத்தி அரைக்கிற ஜின்னில் லோடு ஏற்றிவிட்டு, மேலெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க நீ நேராகக் கோர்ட்டுக்கு வருவாய். கரிசலோடு எவ்வளவு ஆற்று மணல் கலக்க வேண்டும், எந்த நேரத்தில் தண்ணீர் தெளித்தால் வெடிப்பு விழாது என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. உன்னோடு சண்டை போட்டுப் போட்டுத்தான் எனக்குத் தமிழ் இவ்வளவு சரளமானது. அதற்கு உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை.

இனி அந்தத் திருச்சுழி ஆட்டத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வந்ததே அதற்குப் பயந்துதான்.

அரையிறுதி. வெயிலில் கோர்ட்டுக்கு அப்பால் இருந்த கருவேலங்காடு தண்ணீருக்குள் தெரிவதைப்போல அசைந்துகொண்டிருந்தது. முதல் செட்டு நமக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் முன்னால் போய்க்கொண்டிருந்த நேரம், நாகராசன் வழக்கம்போல நின்றுவிட்டான். கையில் வந்த பந்தைக்கூட விட்டான். தோற்றோம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அதிசயமாக அன்றைக்கு நீ அவன் பக்கம் பேசினாய்.

"விடு மாப்ளே, முந்தாநாத்து வரைக்கும் காய்ச்சல்ல கெடந்த பய. எந்திரிச்சு வந்ததே பெருசு."

அந்த நேரம் பார்த்து, எனக்கு வலது பக்கம் குடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். வெள்ளை வேட்டி, சாந்தமான முகம். "தம்பி, நடுவுல ஆடுச்சே அந்தப் பையன், எப்படி?" என்று கேட்டார். இவரும் நம்மைப்போல ஆட்டப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். அவர் கடலையைத் தின்றுகொண்டே கொட்டித் தீர்த்தேன்.

"பார்க்கத்தாங்க ஆளு ஜோரு. மூச்சு நிக்காது. இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. அவன நம்பி ஒரு காரியத்துல எறங்க முடியாதுங்க."

"ரொம்ப நாளாவே இப்படித்தானா?"

"சின்ன வயசுலருந்தே இப்படித்தான். வாரத்துக்கு ரெண்டு நாள் கஷாயம் குடிக்கான்."

கஷாயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. பேச்சு வேகத்தில் வந்து விழுந்தது. நீ என் தொடையைக் கிள்ளினாய். பெரியவர் தலையாட்டிக்கொண்டு எழுந்து போனார். மீதிக் கடலையை நம்மிடமே விட்டுப் போனார்.

பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடம் விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம். டீக்கடையில் விசாரிப்பார்கள், பஸ்ஸில் விசாரிப்பார்கள். ஆட்டம் பார்க்கிற இடத்தில் வந்து விசாரிப்பார்கள் என்று எவனுக்குத் தெரியும்? கடலை கொடுத்த அந்தப் பெரியவர், நாகராசனுக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமன். நாகராசனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறான். அவள் பேரைச் சொல்லாமலே தறியில் ஒரு வாரம் பாடிக்கொண்டிருந்தான், பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நான்தான் கேலி செய்துகொண்டிருந்தேன். பத்தே நாளில் தகவல் வந்தது. பையனுக்கு நெஞ்சில் பலமில்லையாம், இந்தச் சம்பந்தம் வேண்டாமாம். திருச்சுழி மைதானத்தில் அவன் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்களாம், அதில் ஒருத்தன் சொன்னானாம்.

இரண்டு பேர் என்றால் நாம்தான். அதில் நாகராசனை எப்போதும் குறை சொல்கிறவன் நீதான் என்பதை ஊரில் யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை.

சாயங்காலம் நாம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது முதலாளியும் நாகராசனும் வந்தார்கள். முதலாளி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன்னைத்தான் கேட்டார்.

"ஏன்டா, எம் மகன் சீக்காளியா? நீ கண்டியா?"

நாகராசன் அவருக்குப் பின்னால் நின்றான். முகம் சுருங்கிக் கிடந்தது. நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடி இருக்கும். நான் குனிந்து வாளியைப் பார்த்தேன்.

"நாந்தான் சொன்னேன் மொதலாளி. தப்புத்தான்."

"இனிமே நீ இந்தக் கோர்ட்டுல காலு வைக்கக் கூடாது," என்றான் நாகராசன். அவன் குரல் உடைந்திருந்தது. நீ வாளியைச் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டு, வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாய்.

மறுநாள் டீக்கடையில் உன் கையைப் பிடித்தேன். "ஏன்லே அப்படிச் சொன்ன?" என்றேன்.

"நீ அந்தத் தெருவுலயே இருக்கணும்ல. அவுக தறியிலதான உக்காரணும். நான் அஞ்சரை பஸ்ஸுல ஏறுனா பரளச்சி. என்னைய யாரு கேக்கப் போறா? டீயக் குடி, ஆறுது."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும் மாரி. நிம்மதிதான் வந்தது. இன்றைக்கு வரைக்கும் என்னால் விழுங்க முடியாதது அதுதான்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நீ கயிற்றுக்கு அந்தப் பக்கம், சாலையோரம் நின்றே ஆட்டம் பார்த்தாய். நீ கட்டிய தரையில் வேறு யாரோ உருளை இழுத்தார்கள். இன்னும் இரண்டு சம்பந்தம் அதே பேச்சால் தட்டிப்போனது. ரோஷத்தில் நாகராசன் விடிகாலையில் திருச்சுழி ரோட்டில் ஓட ஆரம்பித்தான். வருஷக்கணக்காக ஓடினான். நெஞ்சு அகன்றது, கால் இறுகியது, கரிசலில் மூன்றாவது செட்டிலும் நிற்கக் கற்றுக்கொண்டான். அப்புறம் நல்ல இடத்தில் பெண்ணும் அமைந்தது. பரளச்சிக்காரன் வாய்தான் அவனை ஓட வைத்தது என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த நல்ல பேரையும் உன்மேலேயே இருக்க விட்டேன்.

ஆடுகிறவன் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மூச்சு கேட்கவே இல்லையே. டீக்கடை பெஞ்சில் நீ இருமும்போதெல்லாம் பீடியைக் குறை என்றேன். அத்தனை வருஷம் நீ விழுங்கிய பஞ்சுத் தூசி என் நினைப்பிலேயே வரவில்லை. மதுரை பெரியாஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது, பேச முடியாமல் இரண்டு விரலைக் காட்டினாய். இரண்டு செட்டு தாண்டிவிட்டேன் என்கிறாய் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன். நீ தண்ணீர்தான் கேட்டாயோ என்னமோ, இப்போது யாரைக் கேட்பது?

போன மாதம் உன் ஊரிலேயே ஆட்டம். அந்தக் கரிசலிலேயே. நாகராசனுக்கு நாற்பது நெருங்குகிறது, காதோரம் நரைத்துவிட்டது. மூன்று செட்டு. கடைசிப் புள்ளி வரைக்கும் இடுப்பில் கை வைக்கவில்லை. சாயங்கால வெயிலில் புழுதியெல்லாம் மஞ்சளாக மிதந்தது. பந்து எது, புழுதி எது என்று தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நாகராசன் என் பக்கம் வந்து உட்கார்ந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்:

"கிளப்புக்கு ஆண்டு மலர் போடுறோம்ல கோவிந்தா. மாரிச்சாமியப் பத்தி நீ ஒரு கடுதாசி மாதிரி எழுது. கோர்ட்டக் கட்டுனவன் அவன்தான. கடைசியில எனக்காக ஒரு வரி போட்டுரு. அவன் சொன்னத நாகராசன் மன்னிச்சுட்டான்னு போடு. உயிரோட இருக்கையில சொல்லியிருக்கணும். வீம்பு, விடல."

சரி என்று தலையாட்டினேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வரியை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பேனா எடுத்தும் எழுதிப் பார்த்தேன். பாதி வரிக்கு மேல் கை ஓடவில்லை. நீ செய்யாத தப்புக்கு உனக்கு மன்னிப்புக் கொடுத்து, அதை என் கையாலேயே எழுதி அச்சில் ஏற்றினால், நான் உன்னை இரண்டாவது முறையும் கோர்ட்டை விட்டு வெளியே அனுப்பியவன் ஆவேன்.

ஆகவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் மாரி. இது அச்சுக்குப் போவதற்கு முன்னால், நாளைக் காலையில் தறிக்கூடத்தில் வைத்து, அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் நானே வாசித்துக் காட்டுவேன். தறியை விட்டு எழுந்திரு என்றால் எழுந்துவிடுகிறேன். அவன் கேட்ட வரி இதில் இல்லை. அந்த இடத்தில் எழுதியிருப்பது இதுதான்:

நாகராசா, அன்றைக்கு அப்படிச் சொன்னவன் மாரிச்சாமி இல்லை. நான்.

என்றும் உன் மாப்பிள்ளை,
கோவிந்தன்